‘இரண்டாம் நிலைத் தடை’ சரியா? உடந்தைத் தடை, சார்தடை: ஒரு கலைச்சொல் விவாதம்

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

அண்டை நாட்டு ஆயுதக் குழுவுக்குப் பணமும் தளவாடமும் தரும் அரசைத் தடைகளால் பின்வாங்க வைக்க முடியுமா என்று ஒரு கட்டுரை. மொழிபெயர்க்க உட்கார்ந்தேன். முதல் பத்தியிலேயே ஐந்து ‘தடை’ வந்து விழுந்தன. குழுவையே சட்டவிரோதம் என அறிவிப்பது ஒன்று, ஆயுதம் விற்கக் கூடாது என்பது ஒன்று, அமைச்சர் விமானம் ஏறக் கூடாது என்பது ஒன்று, அவர் கணக்கை முடக்குவது ஒன்று, அவரோடு வணிகம் செய்யும் மூன்றாம் நாட்டு வங்கியை மிரட்டுவது ஒன்று. நமக்கு எல்லாமே தடைதான்.

‘சாங்க்‌ஷன்’ என்றே எழுதிவிடலாம் என்று சிலர் சொல்வீர்கள். சாங்க்‌ஷன் ஆகிவிட்டது என்றால் கடன் கிடைத்துவிட்டது என்று சந்தோஷப்படுகிற கூட்டம் நாம். அந்தச் சொல்லைத் தண்டனைக்கு வைத்தால் யார் நம்புவார்கள்?

பொதுச்சொல்லைப் பிறகு பார்க்கலாம். எனக்கு உடனடியாக இரண்டு வேண்டும்.

முதலாவது, ஆயுதக் குழுவுக்குத் துணைநிற்கும் வெளிநாட்டு அரசின் மீதும் அதன் ஆட்களின் மீதும் விதிக்கும் தடை. 2001 மார்ச்சில் ஐ.நா. பாதுகாப்பு அவை நிறைவேற்றிய 1343ஆம் தீர்மானம் நல்ல எடுத்துக்காட்டு. சியரா லியோனில் மக்களின் கை கால்களை வெட்டிய ஆர்.யூ.எஃப். குழுவுக்கு லைபீரியா ஆதரவளித்தது. தடை விழுந்தது லைபீரியாவின் மீது. ஆயுதத் தடை உடனே அமலானது. வைரத்துக்கும் பயணத்துக்கும் இரண்டு மாதத் தவணை கொடுத்தார்கள். மே 7க்குள் ஆதரவை நிறுத்தினால் தடை இல்லை. நிறுத்தவில்லை, தடை வந்தது. பயணத் தடைப் பட்டியலில் உயர் அதிகாரிகளோடு அவர்களின் வாழ்க்கைத் துணைகளும் இருந்தார்கள். இதற்கு ‘உடந்தைத் தடை’ என்று முன்வைக்கிறேன்.

இரண்டாவது, தடைக்கு ஆளானவரோடு கொடுக்கல் வாங்கல் வைத்திருப்பவரையும் தண்டிப்பது. நாளிதழ்கள் ‘இரண்டாம் நிலைத் தடை’ என்கின்றன. படிப்பவருக்கு இது ஏதோ இரண்டாம் கட்டம் என்றுதான் படும். லைபீரியா விஷயத்தில் உண்மையாகவே இரண்டாம் கட்டம் ஒன்று இருந்ததே, அதை அப்புறம் என்னவென்று சொல்வது? ‘சார்தடை’ என்று சுருக்கலாமா? சார்ந்தோர் மேல் விழும் தடை. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு இது நன்றாகவே தெரியும்: “அவளோட பேசினா உன்னோடயும் டூ.”

கருத்துச் சொல்லுங்கள்.

——

மறுமொழி:

> இதற்கு ‘உடந்தைத் தடை’ என்று முன்வைக்கிறேன்.

ஐயா, சொல் பிடித்திருக்கிறது, ஆனால் ஒரு நெருடல். உடந்தை என்றாலே குற்றம் முடிவாகிவிட்ட தொனி வருகிறது. தடைப் பட்டியலில் பெயர் சேர்ப்பதற்கு முன் வழக்கு விசாரணை நடப்பதில்லை. நிர்வாக ஆணை அது. 2025 பிப்ரவரியில் அமெரிக்கா ருவாண்டாவின் அமைச்சர் ஜேம்ஸ் கபரேபேயைப் பட்டியலில் சேர்த்தது, கொங்கோவில் எம்23 குழுவுக்கான ஆதரவை ஒருங்கிணைக்கிறார் என்று சொல்லி. ருவாண்டாவோ எம்23க்கு உதவவில்லை என்றே மறுத்துவந்திருக்கிறது. அவர் மீது ‘உடந்தைத் தடை’ என்று எழுதினால் மொழிபெயர்ப்பாளரே தீர்ப்பெழுதியது போலாகாதா?

‘புரவலர் தடை’ என்று வைக்கலாமா என்று முதலில் யோசித்தேன். பாணனுக்குப் பொன் கொடுத்தவர்களை எல்லாம் இந்த வரிசையில் நிறுத்த மனம் வரவில்லை.

இன்னொன்றும் சொல்லவேண்டும். பொதுச்சொல்லாகப் ‘பொருளாதாரத் தடை’யை மட்டும் தயவுசெய்து எடுக்காதீர்கள். ஈழத்தில் எங்களுக்கு அந்தச் சொல் தொண்ணூறுகளின் சொல். பற்றரி வரவில்லை. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைச் சுற்றி, டைனமோவில் வானொலி கேட்டோம். ஒரு அமைச்சரின் வெளிநாட்டுக் கணக்கை முடக்குவதையும் ஒரு ஊர்முழுவதும் இருட்டில் இருந்ததையும் ஒரே பெயரால் அழைக்க என்னால் முடியாது.

——

மறுமொழி:

வங்கியில், சட்ட விதிகளை மீறாமல் பார்த்துக்கொள்ளும் இணக்கப் பிரிவில் வேலை பார்த்தவன் என்ற முறையில் சில வரிகள்.

‘சார்தடை’ சரி. எல்லை எதுவென்று வரையறையில் எழுதிவையுங்கள், பலர் இங்கேதான் சறுக்குகிறார்கள். 2014இல் பி.என்.பி. பரிபா வங்கி சூடான், ஈரான், கியூபா பரிவர்த்தனைகளுக்காக ஏறக்குறைய 890 கோடி டாலர் கட்டியதே, அதைச் சார்தடைக்கு உதாரணமாகக் காட்டுவார்கள். அது சார்தடை அல்ல. டாலர் அமெரிக்க வங்கிகளின் வழியாகப் போனதால் நேர்த்தடையையே, அதாவது அமெரிக்க எல்லைக்குள் நேரடியாகச் செல்லுபடியாகும் தடையையே, மீறிய குற்றம். ஹிஸ்புல்லாவின் நிதியை முடக்க 2015 டிசம்பரில் வந்த அமெரிக்கச் சட்டம்தான் சார்தடைக்குப் பொருத்தம். அந்த அமைப்புக்காகத் தெரிந்தே பெரிய பரிவர்த்தனை செய்யும் வெளிநாட்டு வங்கி, அமெரிக்க வங்கிகளில் வைத்திருக்கும் தொடர்புக் கணக்கை இழக்கலாம். அந்தக் கணக்கு போனால் டாலர் வழி அடைபட்டுப் போகும். அபராதம் தேவையே இல்லை.

இதனாலேயே வங்கிகள் சட்டம் கேட்பதைவிட இரண்டடி தள்ளியே நிற்கும். மேசையில் ஒரு பெயர் பட்டியலோடு பாதி ஒத்துப்போனாலே பணம் நிற்கும். தந்தை பெயரும் பிறந்த தேதியும் கேட்டு, அது வந்துசேர்வதற்குள் மருந்து வாங்கப் போன தொண்டு நிறுவனம் பத்து நாள் காத்திருக்கும். ஐ.நா. 2022 டிசம்பரில் 2664ஆம் தீர்மானத்தில், தன் சொத்து முடக்கங்களில் மனிதாபிமான உதவிக்கு விதிவிலக்கு கொண்டுவந்ததன் பின்னணியில் இதுவும் உண்டு. ஆகவே ‘விலக்கு’ என்ற சொல்லை அந்த இடத்துக்கு விட்டுவையுங்கள். தடைக்கே ‘விலக்கம்’ என்று பெயர் வைத்தால் ‘விலக்கத்திலிருந்து விலக்கு’ என்று எழுதவேண்டி வரும்.

இன்னொரு வேண்டுகோள், முடக்கத்தைப் ‘பறிமுதல்’ என்று எழுதாதீர்கள். முடக்கினால் பணம் அவருடையதாகவே இருக்கும், தொட முடியாது. பறித்தால் அது அரசுடையது. தடை நீங்கும் நாளில் திரும்பக் கிடைக்கும் என்ற நம்பிக்கை இருந்தால்தான் அந்த மனிதர் ஆதரவை நிறுத்துவது பற்றி யோசிப்பார்.

——

மறுமொழி:

இருவருக்கும் நன்றி. கடைசி வரி என் குழப்பத்தைத் தீர்த்தது.

பொதுச்சொல்லாக ‘ஒறுப்பு’ என்று ஒரு நண்பர் தனிமடலில் எழுதியிருந்தார். ‘கொலையிற் கொடியாரை வேந்தொறுத்தல்’ என்று வள்ளுவரே ஆண்ட சொல், அரசன் செய்கிற காரியம், பொருந்தத்தான் செய்கிறது. ஆனால் கத்தோலிக்க நண்பர்களுக்கு ஒறுத்தல் என்றால் தவக்காலத்தில் தன்னைத் தானே வருத்திக்கொள்வது. அதைவிட, ஒறுப்பு முடிந்துபோனதற்கான தண்டனை. 1343இல் அந்த இரண்டு மாதத் தவணை எதற்கு? இனிமேல் நடக்கப்போவதை மாற்றத்தானே! நிபந்தனையும் திரும்பப் பெறும் வாய்ப்பும் சொல்லுக்குள் இருக்கவேண்டும். ஆகவே ‘நெருக்குத்தடை’ என்கிறேன். நெருக்குகிறவன் தளர்த்தவும் செய்வான். ஒரு ஊரையே முற்றுகையிட்டுப் பட்டினி போடுவதற்கு இந்தச் சொல் பொருந்தாது என்பதால் ஈழத்து நண்பரின் மறுப்புக்கும் இதில் இடம் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

‘உடந்தை’யை விட மனமில்லை. ஆனால் அவர் சொன்ன நியாயத்தைத் தட்ட முடியவில்லை. ஆகவே வகைப்பெயராக மட்டும், தலைப்பிலும் சொல்லடைவிலும் ‘உடந்தைத் தடை’. ஒரு ஆளின் பெயரோடு சேரும்போது ‘ஆயுதக் குழுவுக்குத் துணைபோனதாகக் கூறி’ என்று விரித்து எழுதிவிடுகிறேன். ‘கூறி’ என்ற இரண்டு எழுத்து போதும், தீர்ப்பு நம் கையை விட்டுப் போய்விடும்.

(‘ஆயுதக் குழு’ என்பதை யாரும் எதிர்க்கவில்லை என்பது ஆச்சரியம். போராளியா பயங்கரவாதியா என்று நூறு மடல் வரும் என்று பயந்திருந்தேன்.)

கட்டுரையின் முதல் பத்தி இப்போது இப்படி நிற்கிறது:

“ஆயுதக் குழுவின் தலைவர்களை மட்டும் நெருக்கினால் பயன் குறைவு, அவர்களுக்குக் காட்டில் வங்கிக் கணக்கு கிடையாது. எல்லைக்கு அப்பால் இருந்து துணைபோகும் அமைச்சருக்கு வங்கிக் கணக்கும் உண்டு, பிள்ளைகள் படிக்கும் வெளிநாடும் உண்டு. உடந்தைத் தடை குறிவைப்பது அவரை. அவருடைய தங்கத்தை வாங்கும் வணிகருக்குப் பணம் அனுப்பும் வங்கியைக் குறிவைப்பது சார்தடை.”

ஐந்து தடைகள் இரண்டாகிவிட்டன. ‘சார்தடை’யைச் சேர்த்து எழுதுவதா, இடம்விட்டு எழுதுவதா என்று மட்டும் யாராவது சொன்னால் இன்று இரவே அனுப்பிவிடுவேன்.