ஜப்பானிய ‘சாபிஸு’: எங்கே, எப்படிச் சொல்வது?

ஜப்பானில் இருப்பவர்களிடம் ஒரு உதவி. சர்வீஸ் என்ற ஆங்கிலச் சொல்தான் அங்கே ‘சாபிஸு’. ஆனால் கடைக்காரர் ஒரு தட்டை நீட்டி “கொரே, சாபிஸு தெஸு” என்றால், இதற்குக் காசு வேண்டாம் என்று அர்த்தம். நகோயா காபிக் கடைகளில் காலையில் காபி வாங்கினால் டோஸ்ட்டும் அவித்த முட்டையும் கூடவே வரும். அது ‘மோனிங்கு சாபிஸு’. சம்பளம் தராத ஓவர்டைமுக்கும் ‘சாபிஸு ஸங்க்யோ’ என்றே பெயர். உழைப்பவர்களை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது.

சரி, என் சந்தேகம் இதுதான். ‘முர்யோ’ என்றாலும் இலவசம்தானே? இலவச வைஃபை, இலவச பார்க்கிங் பலகைகளில் அதுதான் இருக்கிறது. இரண்டையும் மாற்றிச் சொன்னால் தப்பா? அப்புறம், சந்தையில் நாமாகவே “கொஞ்சம் சாபிஸு செய்யுங்கள்” என்று கேட்கலாமா, மரியாதைக் குறைவாகப் படுமா? ஒசாகாவில் ஒரு கடையில் வேலைக்குச் சேரப் போகிறேன். ஒன்றிரண்டு வாக்கியங்களோடு விளக்கினால் பெரிய உதவி.