ஏற்காடு மலைப்பாதையில் கேரவன்: வண்டி எடை தாங்குமா?

கேள்வி (அஸ்தம்பட்டி): மேனுவல்ல 2,500 கிலோ வரை இழுக்கலாம்னு இருக்கு. கேரவன் முழு லோடில் 1,900. எஸ்யூவி வெறும் எடை 2,100, மொத்த அனுமதி 2,750. அஞ்சு பேர் 350 கிலோ, சாமான் 100. ஏற்காடு ஏறலாமா சார்?

பதில் 1: இழுவைத் திறனை மட்டும் பார்க்காதீங்க. ஹிட்ச் (கேரவனை மாட்ட கார் பின்னால இருக்கிற கொக்கி) உருண்டை மேல கேரவன் அழுத்துற எடையும் உங்க வண்டிக் கணக்குதான். 10 சதவீதம்னா 190 கிலோ. ஹிட்ச் ஒரு 30ன்னு வைங்க. 350 + 100 + 190 + 30 = 670; உங்களுக்கு மிச்சம் இருக்கிறதோ (2,750 - 2,100) 650தான். உருண்டை மேல அழுத்தத்தைக் குறைக்கிறதுக்காக கேரவன் சாமானைப் பின்னாடி தள்ளிடாதீங்க, வேகத்தில் வால் ஆடும். எஸ்யூவி சாமானைக் குறைங்க.

பதில் 2: கிளம்புற லோடோட, ஆளுங்க உட்கார்ந்தபடியே லாரி எடை மேடைக்குப் போங்க. மாட்டின நிலையில் கார் சக்கரம் மட்டும் மேடையில்: 2,750 தாண்டக்கூடாது. பின் ஆக்சிலைத் தனியா போடுங்க. உருண்டை அதுக்கும் பின்னால இருக்கிறதால முன்சக்கரம் லேசாகி, பின் ஆக்சிலில் 190ஐ விடக் கூடுதலா ஏறும். பலர் இதைத்தான் விட்டுடறாங்க. அடுத்து கேரவன் சக்கரம் மட்டும். ரெண்டையும் கூட்டினா கூட்டு எடை. மேனுவல்ல அதுக்கும் தனி வரம்பு உண்டு.

கேள்வி கேட்டவர்: 80 லிட்டர் தண்ணி டேங்கைக் காலி பண்ணினா?

பதில் 2: கேரவன் 80 கிலோ குறையும். ஆனா டேங்க் ஆக்சிலுக்குப் பின்னால இருந்தா உருண்டை எடை கூடும். மறுபடி எடை போடுங்க.

பதில் 3: இறக்கம்தான் முக்கியம். 20 கொண்டை ஊசி வளைவு. வளைவுக்கு முன்னாடியே கியரைக் குறைங்க. கேரவனில் தள்ளு பிரேக் (கேரவன் காரைத் தள்ளும்போது தானா பிடிக்கிறது) இருந்தா இறக்கம் முழுக்க அது பிடிச்சுக்கிட்டே சூடாகும். கருகல் வாசனை வந்தாலோ பெடல் மெத்துன்னு இறங்கினாலோ ஒதுக்கி நிறுத்தி, சக்கரத்துக்குக் கட்டை வச்சு ஆற விடுங்க.