பிங்க் ஃபிளாய்ட் பாட்டில் வந்த புலி

பிங்க் ஃபிளாய்ட் என்ற ஆங்கில ராக் இசைக்குழுவின் பாட்டு வரிகளுக்கு அர்த்தம் தேடி அலைந்த அனுபவம் யாருக்காவது இருந்தால் எழுதுங்கள். முதலில் என்னுடையதைச் சொல்லிவிடுகிறேன், கொஞ்சம் நீளம்.

1986ஆம் ஆண்டு. மலேசியாவில் பட்டர்வொர்த்தில் எங்கள் வீடு. எனக்கு 14 வயது, அண்ணனுக்கு 18. அண்ணன் பக்கத்து ஊரான பிறையில் ஒரு தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்து, முதல் சம்பளத்தில் பழைய வீடியோ பிளேயர் ஒன்று வாங்கியிருந்தார். வாடகைக் கடையிலிருந்து அவர் கொண்டுவந்த இரண்டாவது கேசட் 'தி வால்'. ஆலன் பார்க்கர் இயக்கி 1982இல் வந்த படம், பிங்க் ஃபிளாய்டின் 1979ஆம் ஆண்டு ஆல்பத்தை வைத்து எடுத்தது. படத்தில் பாதி எங்களுக்குப் புரியவில்லை. ஆனால் ஒரு சின்னப் பையன் அம்மாவின் அறைக்குள் போய் மேசை இழுப்பறையைத் திறந்து, போரில் செத்துப்போன அப்பாவின் சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் நிற்பான், அந்த இடத்தில் ஒரு பாட்டு வரும். ஆண்கள் கூட்டமாக அடிக்குரலில் பின்பாட்டுப் பாட, பாட்டை எழுதிய, அந்தக் குழுவின் ரோஜர் வாட்டர்ஸ் கிட்டத்தட்ட பேசுவதுபோல் பாடுவார். 'வென் த டைகர்ஸ் புரோக் ஃப்ரீ.' புலிகள் கட்டறுத்துக்கொண்டு வந்தபோது.

அந்தப் பாட்டு ஆல்பத்தில் இல்லை, படத்துக்காகச் சேர்த்தது. அதனால் வரிகள் அச்சடித்த தாள் எதுவும் எங்களிடம் கிடையாது. அண்ணன் கேசட்டை ஓட்டி நிறுத்தி, ஓட்டி நிறுத்தி, காதால் கேட்டதை ஒரு நோட்டில் எழுதினார். எழுதி முடித்துவிட்டு எனக்கு அர்த்தம் சொன்னார்: "டேய், இது நம்ம ஊரு சண்டைடா. ஜப்பான்காரன் வந்த சண்டை. புலின்னா யமாஷிதா."

எங்கள் தலைமுறைக்கு அது பெரிய கற்பனை இல்லை. ஜப்பானிய ஜெனரல் யமாஷிதாவுக்கு 'மலாயாவின் புலி' என்றுதான் பெயர், பள்ளி வரலாற்றுப் பாடத்திலேயே படித்தது. போர், விடியற்காலை, புலி என்று எல்லாம் ஒத்துவந்தது. தரையில் 'ஃபிராஸ்ட்' இருந்தது என்று ஒரு வரி வரும். அகராதியில் பார்த்தால் பனி என்று இருந்தது. சரி, பனி என்றால் எங்களுக்குத் தெரிந்தது பால்மரக் காட்டில், அதாவது ரப்பர் தோட்டத்தில், விடியற்காலையில் முழங்கால் உயரத்துக்குப் படுத்திருக்கும் பனிதான். மலாயாவேதான் என்று முடிவு செய்துவிட்டோம். 'அன்ஸியோ' என்று ஒரு சொல் வருகிற இடத்தில் ஒன்றும் பிடிபடாமல் அண்ணன் கோடு போட்டு விட்டிருந்தார்.

எங்களுக்கு அந்த அர்த்தம் வேண்டியும் இருந்தது. அப்பாவின் அப்பா சயாமுக்கு, இன்றைய தாய்லாந்துக்கு, போனவர். சுங்கைப்பட்டாணிப் பக்கம் ஒரு தோட்டத்தில் பால்மரம் சீவிக்கொண்டிருந்தார். 1943இல் மூன்று மாத வேலை, நல்ல சம்பளம் என்று சொல்லி லோரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். சயாமிலிருந்து பர்மாவுக்கு ஜப்பானியர் போட்ட 415 கிலோமீட்டர் ரயில் பாதைக்கு. அப்போது பாட்டிக்கு ஐந்து மாதம், வயிற்றில் இருந்தது என் அப்பா. தாத்தா திரும்பி வரவில்லை. எங்கே, எப்போது, காலராவா பசியா அடியா, எதுவும் தெரியாது. சாவு உறுதியாகாததால் பாட்டி பொட்டை அழிக்கவில்லை, கடைசிவரை வைத்திருந்தார். நாள் தெரியாததால் ஆடி அமாவாசைக்குப் படையல் போடுவார். பொட்டும் வைத்துக்கொண்டு படையலும் போடுவது சரிதானா என்று லயத்தில் யாரோ கேட்டதற்கு, இரண்டு நாள் அவர் யாருடனும் பேசவில்லையாம். அவர் 1979இல் இறந்தார்.

ஆகவே அந்தப் பாட்டில் வந்த அப்பா எங்கள் தாத்தா. ஏறக்குறைய 20 வருடம் அப்படித்தான் கேட்டேன்.

2005இல் நான் கோலாலம்பூரில் வேலை செய்துகொண்டிருந்தேன். ஒருநாள் மதியம் அலுவலகத்தில் சும்மா இருந்தபோது அந்தப் பாட்டின் முழு வரிகளையும் இணையத்தில் தேடிப் படித்தேன். அன்ஸியோ என்பது இத்தாலியில் கடலோரமாக இருக்கும் ஓர் ஊர். 1944 ஜனவரியில் நேச நாட்டுப் படைகள் அங்கே கரையிறங்கின. பிப்ரவரி 18 அன்று அங்கே நடந்த சண்டையில் வாட்டர்ஸின் அப்பா, எரிக் ஃபிளெட்சர் வாட்டர்ஸ், செத்தார். ரோஜருக்கு அப்போது ஐந்து மாதம். உடல் கிடைக்கவில்லை. பாட்டில் வரும் புலி, ஜெர்மானியரின் 'டைகர்' டாங்கி, ஒவ்வொன்றும் 50 டன்னுக்கு மேல். பின்வாங்க அனுமதி கேட்ட முன்னணி அதிகாரியிடம், அப்படியே இருங்கள் என்று மேலிடம் சொல்லிவிட்டது, டாங்கிகள் மேலே ஏறி வந்தன. பாட்டு சொல்வது இதைத்தான்.

உடனே அண்ணனுக்குப் போன் போட்டேன். கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் அவர் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், "அப்ப அந்த ரெண்டு தேங்க்ஸ்?" என்றார். அந்தப் பாட்டின் தொடக்கத்தில் ஜெனரல்கள் நன்றி சொன்னதாக ஒரு வரி வரும், அடுத்தடுத்து எதிரியின் டாங்கி வரும், 'தேங்க்ஸ்', 'டேங்க்ஸ்' என்று எதுகைபோல் சேர்ந்து விழும். நம் ஊரில் இரண்டையும் ஒரே மாதிரிதான் சொல்கிறோம், கேட்கிறோம். அண்ணன் நோட்டில் இரண்டு இடத்திலும் நன்றி என்று எழுதியிருந்தார். முழு அர்த்தமும் அந்த ஓர் எழுத்தில் மாட்டிக்கொண்டிருந்தது.

அந்த வருடத் தீபாவளிக்கு வீட்டுக்குப் போனபோது அப்பாவிடம் இதைச் சொன்னேன். அப்பாவுக்கு ஆங்கிலப் பாட்டுப் பழக்கம் இல்லை, அதனால் வரிவரியாகத் தமிழில் சொல்லிக்கொண்டே போனேன். பாட்டின் நடுவில் ஒரு கடிதம் வரும். செத்தவரின் மனைவிக்கு ஜார்ஜ் ராஜா அனுப்பிய இரங்கல், பொன்னிறம் பூசிய ஓலைச்சுருள் மாதிரி. பழைய படங்களுக்கு அடியில் இழுப்பறையில் மகன் அதைக் கண்டுபிடிக்கிறான். கடைசியில் கையெழுத்தைப் பார்த்தால், ராஜா தன் கையால் போட்டது அல்ல, ரப்பர் சாப்பு, வெறும் முத்திரை. என் வயதுக்காரர்கள் எல்லாருக்கும் அந்த இடத்தில்தான் கோபம் வரும், எனக்கும் அப்படித்தான், ஒரு மனிதன் செத்ததற்கு ஒரு சாப்பா என்று.

அப்பா கேட்டார்: "சாப்பு அடிச்சு அனுப்புனாங்களா?"

"ஆமாம்பா."

"பேரு போட்டிருந்துச்சா?"

"போட்டிருந்திருக்கும்."

அப்பா தலையை ஆட்டிக்கொண்டார். "எங்கம்மாவுக்கு அது கெடச்சிருந்தா பொட்ட அழிச்சிருக்கும்" என்றார்.

நான் அதற்கு முன் எத்தனையோ விளக்கங்கள் படித்திருக்கிறேன், சுவர் என்பது என்ன குறியீடு, புழுக்கள் என்ன குறியீடு, சுத்தியல் என்ன குறியீடு என்று. அன்றைக்கு அந்த ஒரு கேள்வியில் பாட்டு எனக்கு வேறாகிப்போனது. வாட்டர்ஸின் கோபம், ஒரு காகிதம் வந்த வீட்டின் கோபம். அதைக் குறைத்துச் சொல்லவில்லை, ஐந்து மாதக் குழந்தையின் நஷ்டத்தில் பெரிது சிறிது பார்க்க எனக்கு உரிமை கிடையாது. ஆனால் அந்த வரியைக் காகிதமே வராத வீட்டிலிருந்து கேட்டால் அதன் ஆழம் இன்னும் ஒரு படி கீழே போகிறது. அந்தக் கோபத்துக்கே ஓர் ஆதாரத் தாள் வேண்டியிருக்கிறது.

2014 பிப்ரவரியில், தன் அப்பா இறந்த அதே தேதியில், 70 வருடம் கழித்து, வாட்டர்ஸ் அன்ஸியோ பக்கம் போய் நினைவுக்கல் திறந்தார். அந்தப் படத்தை என் அப்பாவிடம் காட்டினேன். வாட்டர்ஸும் அப்பாவும் ஒரே வருடம் பிறந்தவர்கள், 1943. அப்பா படத்தை வெகுநேரம் பார்த்துவிட்டு, சயாமுக்குப் போகலாமா என்றார். அந்த வருடமே பட்டர்வொர்த்திலிருந்து ரயில் ஏறினோம். காஞ்சனபுரியில் போர்க் கைதிகளின் கல்லறைத் தோட்டம் இருக்கிறது, ஏறக்குறைய 7,000 பேர், பிரிட்டிஷ், ஆஸ்திரேலிய, டச்சுக்காரர்கள், ஒவ்வொருவருக்கும் பெயர், வயது, புல் வெட்டி அவ்வளவு சுத்தம். அப்பா வரிசை வரிசையாக நடந்து எல்லாப் பெயரையும் எழுத்துக்கூட்டிப் படித்தார். அந்தப் பாதையில் ஆசியத் தொழிலாளர்கள் 90,000 பேர் அளவுக்கு இறந்திருக்கலாம் என்கிறார்கள், நம் தமிழர்கள் அதில் பெருங்கூட்டம். அந்தத் தோட்டத்தில் அவர்கள் இல்லை. "நம்ம ஆளுங்க எந்தப் பக்கம்?" என்று அங்கிருந்த தோட்டக்காரரிடம் அப்பா தமிழிலேயே கேட்டார். அவர் சிரித்துக் கையெடுத்துக் கும்பிட்டார்.

சரி, நீங்கள் சொல்லுங்கள்.

பிரிக்பீல்ட்ஸ் டீச்சர்:

ஐயா, படித்துவிட்டு வெகுநேரம் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். என்னுடையது சின்னது. அதே ஆல்பத்தில் எல்லாருக்கும் தெரிந்த 'அனதர் பிரிக் இன் த வால்', அதன் இரண்டாம் பகுதி. நான் தமிழ்ப்பள்ளியில் 24 வருடம் வேலை செய்தேன். ஒருநாள் ஆறாம் ஆண்டு வகுப்புக்குள் நுழைந்தால், கல்வியே வேண்டாம் என்ற அந்த முதல் வரியை எவனோ கரும்பலகையில் ஆங்கிலத்தில் எழுதி வைத்திருந்தான். எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. திட்டவில்லை. வீட்டுக்குப் போய் மகனிடம் கேட்டு முழு ஆல்பத்தையும் கேட்டேன், வரிகளைக் கையில் வைத்துக்கொண்டு. அந்தப் பாட்டுக்குச் சரியாக முன்னால் இன்னொரு சின்னப் பாட்டு இருக்கிறது, யாரும் அதைப் பேசுவதில்லை. பிள்ளைகளைக் குத்திக் குத்திப் பேசும் ஆசிரியர்கள் ராத்திரி வீட்டுக்குப் போனதும் தங்கள் மனைவியிடம் அடி வாங்குவார்கள் என்று அதில் வருகிறது. ரோத்தானை, அதாவது பிரம்பை, கையிலிருந்து இறக்காத ஒருவர் எங்கள் பள்ளியில் இருந்தார். அவர் வீட்டு நிலைமை எங்களுக்குத் தெரியும். எனக்கு அவர் முகம் அப்படியே வந்து நின்றது. பாட்டு ஆசிரியரை வெறுக்கவில்லை, அடி எங்கிருந்து எங்கே போகிறது என்று காட்டுகிறது. வாட்டர்ஸின் அப்பா ஒரு பள்ளி ஆசிரியர் என்று பிறகு படித்தேன். அம்மாவும் ஆசிரியர்தான். 1980இல் தென்னாப்பிரிக்காவில் கறுப்பின மாணவர்கள் தங்களுக்குக் கொடுக்கப்பட்ட மட்டமான படிப்பை எதிர்த்து 'அனதர் பிரிக்' பாட்டைப் பாடியதும் அரசாங்கம் பாட்டைத் தடை செய்தது. அந்தப் பிள்ளைகள் நல்ல கல்வி வேண்டும் என்றுதானே பாடினார்கள். இதை மறுவாரம் வகுப்பில் சொன்னேன். எழுதிய பையன் யார் என்று நான் கேட்கவே இல்லை, அவனே எழுந்து நின்றான்.

செந்தூல்காரன்:

அண்ணே, நமக்கு 'ஷைன் ஆன் யூ கிரேசி டைமண்ட்'. குழுவைத் தொடங்கிய சிட் பாரெட் மனநிலை கெட்டு 1968இல் விலகியவர், அவருக்காக எழுதின பாட்டு. 1975 ஜூன் 5, லண்டன் ஏபி ரோட் ஸ்டூடியோவில் அந்தப் பாட்டு வேலை நடக்கும்போது மொட்டைத் தலையோடு, புருவத்தையும் மழித்துக்கொண்டு, உடம்பு பெருத்த ஓர் ஆள் உள்ளே வந்து நிற்கிறார். கூட வாசித்தவர்களுக்கே அடையாளம் தெரியவில்லை. அவர்தான் சிட். அவர் வந்ததைப் பார்த்துத்தான் பாட்டு எழுதினார்கள் என்று பலர் சொல்வார்கள், தப்பு. 1974இலேயே மேடையில் வாசித்துவிட்டார்கள். பாட்டு முதலில், ஆள் பின்னால். எனக்கு அதுதான் தாங்க முடியாதது.

நம்ம செட்டில் கிட்டார் வாசித்த பங்காளி ஒருத்தன் இருந்தான். அவன் ஒரு மாதிரி ஆகி வராமல் போனபோது, "தஞ்சோங் ரம்புத்தான் கேஸ்" என்று, அங்கே இருக்கும் மனநல மருத்துவமனையை வைத்து, நாங்களே பேசினோம், எல்லாரும் இங்கே பேசுகிற மாதிரி. ஐந்து வருடம் கழித்து என் கல்யாணத்துக்கு வந்திருக்கிறான். மருந்தில் முகமெல்லாம் ஊதி, சாப்பாட்டு வரிசையில் நின்றுகொண்டிருந்தான். நான் அடையாளம் தெரியாமல் கடந்து போய்விட்டேன். பிறகு கல்யாண ஆல்பத்தில் பார்த்தது. கையெழுத்துப் புத்தகத்தில் அவன் பெயர் இருந்தது. 'கிரேசி' என்ற சொல்லை அந்தப் பாட்டில் எவ்வளவு மெதுவாகப் பாடியிருக்கிறார்கள் என்று அதற்குப் பிறகுதான் கேட்டேன். இப்போது மாதம் ஒரு தடவை அவன் வீட்டுக்குப் போகிறேன்.

ஆயர் ஈத்தாம் வாசி:

முதல் பதிவு எழுதிய அண்ணனுக்கு ஒரு கேள்வி, மனம் நோகக் கேட்கவில்லை. டாங்கி என்று தெரிந்த பிறகும் தாத்தாவை அந்தப் பாட்டுக்குள்ளேயே வைத்துக் கேட்பது சரியா? பாட்டு எழுதியவர் சொன்ன அர்த்தம் ஒன்று இருக்கிறதே.

பதிவு எழுதியவர்:

நல்ல கேள்வி தம்பி, அண்ணனும் நானும் இதைப் பற்றி நிறையச் சண்டை போட்டிருக்கிறோம். பாட்டில் இருப்பது அன்ஸியோதான், அதை மாற்ற எனக்கு உரிமை இல்லை. யாராவது என்னிடம் யமாஷிதா என்று சொன்னால் இப்போது திருத்துகிறேன். ஆனால் பழைய நோட்டை அண்ணன் தூக்கிப்போடப் போனபோது நான் விடவில்லை. அந்தத் தப்பு இல்லாவிட்டால் 14 வயதில் நான் போய்ப் பாட்டியைப் பற்றி அப்பாவிடம் கேட்டிருக்கவே மாட்டேன், அதுவரை வீட்டில் யாரும் அந்தப் பேச்சை எடுத்தது கிடையாது. டீச்சர், அந்தப் பையன் எழுந்து நின்றதை அண்ணனிடம் சொன்னேன், அவருக்கும் ரொம்பப் பிடித்துவிட்டது. செந்தூல் தம்பி, அடுத்த தடவை போகும்போது ஒரு கிட்டாரை எடுத்துக்கொண்டு போங்கள்.

அப்பாவுக்கு இப்போது 82. நேற்று இந்தப் பதிவைப் படித்துக் காட்டினேன், பாட்டைப் போடு என்றார். கைப்பேசியை அவர் காதுக்குப் பக்கத்தில் வைத்தேன். ஆங்கிலம் இன்னும் புரியாது, ஆனால் டாங்கி வருகிற இடத்தை மட்டும் மனப்பாடமாக வைத்திருக்கிறார். அது வருவதற்குக் கொஞ்சம் முன்னாலேயே விரலைத் தூக்கிக் காட்டினார்.