வெயிலில் நிற்கும் மோட்டார்ஹோம்: ஜன்னலை உள்ளே மறைப்பதா, வெளியே மறைப்பதா?

மெல்பர்ன்மாறன்:
பள்ளி விடுமுறை முடிவதற்குள் இங்கே ஆஸ்திரேலியாவில் மில்டூரா பக்கம் முர்ரே ஆற்றங்கரையில் வண்டியைப் போட்டுக் கொஞ்ச நாள் தங்கலாம் என்று இருக்கிறோம். ஃபியட் டுகாட்டோ வேனில் கட்டிய பழைய மோட்டார்ஹோம், அதாவது உள்ளேயே படுத்துத் தங்கும் வசதியுள்ள வண்டி. ஜனவரியில் அங்கே 40 டிகிரி தாண்டுவது புதிதில்லை, நிறுத்தப்போகும் இடத்தில் கரண்டும் கிடையாது, அதனால் ஏசி பேச்சுக்கே இடமில்லை. எல்லா ஜன்னலுக்கும் உள்பக்கமாக வெள்ளி நிறத் தடுப்பு வெட்டி வைத்திருக்கிறேன், இருந்தும் வீட்டு வாசலில் நிற்கும்போதே மதியம் கதவைத் திறந்தால் அனல் முகத்தில் அடிக்கிறது. கனமான திரை வாங்கினால் சரியாகுமா?

ஊர்சுற்றி:
திரைக்குக் காசைக் கொட்டாதீர்கள். வெயிலைக் கண்ணாடிக்கு வெளியிலேயே மறிக்க வேண்டும். உள்ளே வந்துவிட்ட வெயிலில் ஒரு பகுதியைத்தான் அந்த வெள்ளித் தடுப்பு திருப்பி அனுப்பும், மீதி தடுப்புக்கும் கண்ணாடிக்கும் நடுவில் சூடாகி உங்களிடமே வந்து சேரும். முதலில் கவனிக்க வேண்டியது விண்ட்ஸ்கிரீன். வண்டியிலேயே பெரிய கண்ணாடி அதுதான், சாய்ந்து வேறு இருக்கிறது, அடியில் கறுப்பு டாஷ்போர்டு, மதியத்தில் கை வைக்க முடியாது. அதற்கு வெளியே போடும் உறை கிடைக்கும். இரண்டு ஓரத்தையும் முன்கதவுக்குள் விட்டுக் கதவைச் சாத்திவிட்டால் காற்றுக்குப் பறக்காது.

பின்னால் உள்ள ஜன்னல்கள் பெரும்பாலும் கண்ணாடியே இல்லை, இரட்டை அக்ரிலிக், அதாவது பிளாஸ்டிக். அதில் உள்பக்கம் தடுப்பை ஒட்டினாற்போல் வைத்தால் சூடு நடுவில் சிக்கி அக்ரிலிக் வளையும், மெல்லிய விரிசல் விடும். ஜன்னலில் இழுத்து மூடும் பிளைண்டைக்கூட கடும் வெயிலில் முழுக்க இறக்காமல் கொஞ்சம் இடைவெளி விடுங்கள். வெளியே ஷேட் கிளாத் கட்டுங்கள், அதாவது நம்ம ஊர் நர்சரியில் கட்டுகிற நிழல்வலை, 90 சதவீதம் மறைப்பது. ஜன்னலோடு ஒட்டாமல் ஓர் அடி தள்ளித் தொங்கினால் நடுவில் காற்றும் போகும்.

முர்ரேக்கரை:
அதெல்லாம் சரி, வலை கட்டுவதற்கு முன்னால் வண்டி எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறது என்று பாருங்கள், அதற்குக் காசு கிடையாது. இந்த மாதத்தில் மில்டூராவில் உச்சிவெயில் கிட்டத்தட்ட தலைக்கு நேர் மேலே, பக்கவாட்டு ஜன்னல்களுக்குள் அவ்வளவாக வராது. ஆளைக் கொல்வது மேற்கு வெயில்தான். டேலைட் சேவிங் என்று கோடையில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளி வைத்திருப்பதால் இரவு எட்டரை வரை சூரியன் மறையாது. ஆஸ்திரேலியாவில் அவ்னிங், அதாவது வெளியே இழுத்து விரிக்கும் துணிப் பந்தல், வண்டியின் இடப்பக்கம் இருக்கும், ஆகவே முன்பக்கம் வடக்கே பார்க்க நிறுத்தினால் அவ்னிங் மேற்கே வந்துவிடும். மாலையில் வெயில் அதற்கு அடியிலும் நுழையும் என்பதால் அவ்னிங் முனையிலிருந்து நிழல்வலையைத் தரைவரை இறக்கி முளையடித்து விடுங்கள். காற்று கிளம்பினால் எல்லாவற்றுக்கும் முன்னால் அவ்னிங்கைச் சுருட்ட வேண்டும்.

நிழல் இருக்கிறதே என்று ஆற்றோரத்து ரெட் கம் என்ற யூகலிப்டஸ் மரத்தடியில் மட்டும் போடாதீர்கள். இலை அசையாத புழுக்கத்தில்கூட அது பெரிய கிளையைச் சொல்லாமல் கொள்ளாமல் போட்டுவிடும். கிளை பரப்புக்கு வெளியே, மரத்துக்குக் கிழக்கே இடம் பாருங்கள், சாயங்கால நிழல் அங்கே நீளும்.

மெல்பர்ன்மாறன்:
என் வண்டியில் ஃபிரிட்ஜ் வலப்பக்கம், கேஸில் ஓடுவது. அப்படியென்றால் அது கிழக்கே வருகிறது. அந்தப் பக்கமும் வலை கட்டலாமா?

ஊர்சுற்றி:
தாராளமாக, காலை வெயில் படாமல் இருந்தால் அதற்கும் நல்லது. ஆனால் வெளிச்சுவரில் உள்ள இரண்டு வென்ட்டையும் அடைத்துவிடாதீர்கள், ஃபிரிட்ஜின் சூடும் கேஸ் எரிந்த புகையும் அந்த வழியாகத்தான் வெளியேறும். நன்றாகத் தள்ளிக் கட்டுங்கள்.

அப்புறம், வெளியே 41 டிகிரி அடிக்கும்போது வலை கட்டி உள்ளே 30க்குக் கொண்டுவர முடியாது, வெளியே இருப்பதைவிட உள்ளே ஏறிப் போகாமல் தடுக்கலாம், அவ்வளவுதான். இருட்டிய பிறகு கூரையில் திறக்கும் ஹேட்ச்சில் வண்டி பேட்டரியில் ஓடும் 12 வோல்ட் ஃபேனை வெளியே தள்ளும்படி போட்டு, படுக்கைப் பக்கத்து ஜன்னலை மட்டும் திறந்து வையுங்கள். மற்றதெல்லாம் மூடியிருந்தால்தான் காற்று உங்கள் மேல் பட்டுப் போகும். கொசுவலையில் ஓட்டை இருக்கிறதா என்று மெல்பர்னிலேயே பார்த்துவிடுங்கள்.