பதினாறாம் நாள் அட்டையில் என்ன எழுதுவது

அக்கா, காலை 9:12
அப்பாவின் பதினாறாம் நாள் காரியத்துக்கு அச்சடிக்க வேண்டிய நினைவஞ்சலி அட்டையின் வாசகம் தயாராகிவிட்டது. எல்லாரும் படித்துப் பார்த்து, மாற்றம் இருந்தால் மாலை ஆறு மணிக்குள் சொல்லிவிடுங்கள். அதற்கு மேல் அச்சகத்தில் பொறுக்கமாட்டார்கள்.

அத்தான், காலை 9:14
“தும்பாவிலும் ஸ்ரீஹரிகோட்டாவிலும் 36 ஆண்டுகள் பணியாற்றிய மூத்த விண்வெளி விஞ்ஞானியும் எங்கள் குடும்பத்தின் ஆலமரமுமாகிய…” என்று தொடங்கியிருக்கிறேன்.

சித்தப்பா, காலை 9:26
மாப்பிள்ளை, மிக நன்றாக எழுதியிருக்கிறீர்கள். ஆனால் ‘விஞ்ஞானி’ என்ற சொல்லை எடுத்துவிடுங்கள். 1975 இல் வேலைக்குச் சேர்ந்த நாள் முதல் அண்ணன் தம்மைப் பொறியாளர் என்றுதான் சொல்லிக்கொண்டார். ஒரு பள்ளி ஆண்டுவிழா அழைப்பிதழில் விஞ்ஞானி என்று போட்டிருந்ததைத் தம் கையில் இருந்த பிரதியில் மையால் அடித்து, மேலே ‘பொறியாளர்’ என்று எழுதி வைத்திருந்தார். ராக்கெட்டின் நிலைகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்தும் பிரிவில் இருந்தவர் அவர். எந்த போல்ட்டை எவ்வளவு முறுக்குவிசையில் இறுக்கினார்கள், இறுக்கியதைச் சரிபார்த்தவர் யார், அவர் எங்கே கையெழுத்திட்டார் என்பதெல்லாம் அவர் பொறுப்பு. எஸ்.எல்.வி-3 என்பது 22 மீட்டர் உயரமும் 17 டன் எடையும் கொண்ட நான்கு நிலை ராக்கெட். 1979 ஆகஸ்ட் 10 அன்று அது முதல் முறையாகப் பறந்து வங்கக் கடலில் விழுந்தது. இரண்டாம் நிலையின் கட்டுப்பாட்டு அமைப்பில் ஒரு வால்வு மூடாமல் நின்று அமிலம் கசிந்ததுதான் காரணம் என்று தெரிந்த பிறகும், தம் பிரிவின் பதிவேடுகளை முதல் பக்கத்திலிருந்து திரும்பப் படித்தார்.

தம்பி, காலை 9:29
பெரியப்பா என்னிடமும் அப்படித்தான் சொல்லியிருக்கிறார். ‘பொறியாளர்’ என்றே போடலாம்.

அத்தான், காலை 9:33
மாமாவின் பதவிப் பெயரே ‘விஞ்ஞானி / பொறியாளர்’ என்றுதான் இருந்தது. இஸ்ரோவில் இரண்டையும் சேர்த்துத்தான் எழுதுவார்கள். ஆகவே நான் எழுதியது தவறாகாது என்று நினைக்கிறேன்.

அத்தை, காலை 9:41
1979 நினைவில் இருக்கிறவனுக்கு 1980 நினைவில் இல்லையா தம்பி? அந்த ஆனி மாதம் என் கல்யாணத்துக்கு அண்ணன் வரவில்லை. பொரியிட வேண்டியவர் ஸ்ரீஹரிகோட்டாவில் இருந்தார். கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த நீதான் அவர் இடத்தில் நின்று என் கையில் பொரியிட்டாய், பாதியைக் கீழே சிந்தினாய்.

சித்தப்பா, காலை 9:50
அதை நான் மறக்கவில்லை அக்கா. ஆடி பிறந்து இரண்டு மூன்று நாளில், அதாவது 1980 ஜூலை 18 அன்று, அதே எஸ்.எல்.வி-3 தான் 35 கிலோ எடையுள்ள ரோகிணியைச் சுற்றுப்பாதையில் வைத்தது. நம் நாடு தன் சொந்த ராக்கெட்டில் ஒரு செயற்கைக்கோளைச் சுற்றுப்பாதைக்கு அனுப்பியது அதுவே முதல் முறை. முந்தைய ஆண்டு ஒரு ராக்கெட் கடலில் விழுந்திருக்கும்போது, பொருத்தும் இடத்தை விட்டு மூன்று நாள் வர அவருக்கு மனம் ஒப்பவில்லை.

அத்தை, காலை 9:52
மனம் ஒப்பாததை அவர் எனக்கு ஒரு கடிதத்திலாவது எழுதியிருக்கலாம்.

நான், காலை 10:05
அத்தை, அப்பா அதைப் பற்றி எங்களிடம் பேசியதே இல்லை. ஆனால் ஆவணியில் உங்கள் வீட்டுக்கு வந்ததைப் பற்றி அம்மா சொல்லியிருக்கிறார்.

அத்தை, காலை 10:19
வந்தார். பையில் துணியைவிடக் கருவிகள்தான் அதிகம் இருந்தன. காப்பி குடிப்பதற்கு முன்பே கூடத்து ஊஞ்சலைப் பார்த்தார், ஏணி கேட்டார், மேலே ஏறி உத்தரத்துப் பட்டையில் இருந்த நான்கு போல்ட்டுகளையும் கழற்றித் திரும்ப மாட்டினார். பிறகு மெல்லிய கம்பியை ஒரு போல்ட்டின் தலையிலிருந்து அடுத்ததன் தலைக்கு முறுக்கிக் கட்டினார். என் மாமியார் இதென்ன வேலை என்று கேட்டார்கள். “ஆடிக்கொண்டே இருக்கும் பொருள் அம்மா, தானாகவே கழன்றுவிடும்” என்றார். அந்தக் கம்பி இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறது.

சித்தப்பா, காலை 10:27
அதன் பெயர் லாக் வயர். துருப்பிடிக்காத எஃகுக் கம்பியை, போல்ட்டின் தலையில் துளையிட்டு அதன் வழியே கொடுத்து, இரட்டையாக முறுக்கிக் கட்டுவார்கள். ஒரு போல்ட் அதிர்வில் தளரத் திரும்பினால், அந்தக் கம்பியே மற்றதை இறுக்கும் பக்கமாக இழுக்கும். அப்படி இழுக்கும்படி திசை பார்த்துக் கட்டுவதில்தான் வேலை இருக்கிறது.

நான், காலை 10:30
என் முதல் சைக்கிளின் பின் இருக்கையிலும் அதே கம்பி இருந்தது. பள்ளியில் என்னைத் தவிர வேறு யாருடைய சைக்கிளிலும் அது இல்லை.

அக்கா, காலை 10:48
எனக்கு 1993 செப்டம்பர்தான் நினைவுக்கு வருகிறது. அந்த மாதம் 20 ஆம் தேதி பி.எஸ்.எல்.வி.யின் முதல் ராக்கெட் சுற்றுப்பாதையை எட்டவில்லை. நான்கு நாள் கழித்து வீட்டுக்கு வந்தவர் குளித்துவிட்டு, எனக்குக் காலாண்டுத் தேர்வு என்பதால், என் பக்கத்தில் உட்கார்ந்து பின்னக் கணக்கு சொல்லிக்கொடுத்தார். ஒரு கணக்கில் நான் மூன்று முறை தவறு செய்தேன். ஒரு முறைகூடக் குரலை உயர்த்தவில்லை. “எந்த வரியில் பிழை நுழைந்தது என்று மட்டும் கண்டுபிடி, முழுவதையும் அழிக்காதே” என்றார். அடுத்த ஆண்டு அக்டோபர் 15 அன்று இரண்டாவது பி.எஸ்.எல்.வி. வென்றபோது தொலைபேசியில் அழைத்து, முதலில் அந்தப் பாடத்தில் எவ்வளவு மதிப்பெண் என்றுதான் கேட்டார்.

அத்தான், காலை 11:02
அப்படியானால் ‘பொறியாளர்’ என்று மாற்றிவிடுகிறேன். ‘ஆலமரம்’ இருக்கலாமா?

தம்பி, காலை 11:03
ஆலமரமும் வேண்டாம் அத்தான்.

அக்கா, காலை 11:15
அம்மாவிடம் கேட்டேன். ‘விஞ்ஞானி’ என்று போட்டால் தெருவில் எல்லாருக்கும் புரியும் என்கிறார். ‘பொறியாளர்’ என்று போட்டால் அப்பாவுக்குப் பிடிக்கும் என்றும் அவரே சொல்கிறார். மாலைக்குள் சொல்வதாகச் சொல்லிவிட்டுப் படுக்கப் போய்விட்டார்.

சித்தப்பா, காலை 11:18
படம் எது என்று இன்னும் யாரும் சொல்லவில்லை. பணிநிறைவு நாளில் மாலையோடு எடுத்தது என்னிடம் இருக்கிறது.

அத்தை, காலை 11:40
மாலையோடு இருப்பது வேண்டாம் தம்பி. எங்கள் வீட்டு ஊஞ்சலில் உட்கார்ந்து மேலே கம்பியைப் பார்த்துக்கொண்டிருக்கிற படம் ஒன்று இருக்கிறது, சென்ற தை மாதம் எடுத்தது. கண்ணாடியை எங்கே வைத்தேன் என்று தேடுகிறேன்; கிடைத்ததும் அனுப்புகிறேன்.