பின்பக்கம் ‘டொக்’ சத்தம், ஞாயிறு பழநி போக வேண்டும், அவசரம்

முத்துக்குளி (புதன், இரவு 9.40)
வணக்கம். எங்கள் எஸ்யூவியில் பின்பக்கம் இடது ஓரமாக ‘டொக்’ என்று சத்தம் வருகிறது. போன மாதம்தான் பின் ஷாக் அப்சார்பர் இரண்டையும் புதிதாகப் போட்டேன். சத்தம் போகவில்லை. இப்போது மெக்கானிக் ஸ்பிரிங்கை மாற்றச் சொல்கிறார். பேரனுக்கு முடியிறக்க ஞாயிறு அதிகாலை பழநிக்குக் கிளம்புகிறோம், ஏழு பேர். ஸ்பிரிங் மாற்றலாமா, வேண்டாமா? உடனே சொல்லவும்.

கியர்பெட்டி (இரவு 9.52)
என்ன மாதிரி வண்டி, எந்த வருடம், எத்தனை கிலோமீட்டர், எந்த ஊர்? சத்தம் பள்ளத்தில் வருகிறதா, திருப்பத்தில் வருகிறதா, பிரேக் பிடித்தால் வருகிறதா? இத்தனையையும் விட்டுவிட்டு ‘உடனே சொல்லவும்’ என்றால் ஜோசியர்தான் சொல்ல வேண்டும்.

ஸ்டெப்னி_சிவம் (இரவு 9.58)
ஸ்டெப்னி! அடியில் சங்கிலியில் தொங்கும் ஸ்டெப்னி தளர்ந்திருக்கும். என் வண்டியில் மூன்று மாதம் எதை எதையோ கழற்றி மாட்டினார்கள். கடைசியில் ஒரு கைப்பிடித் திருகலில் சத்தம் நின்றது.

மூத்தசாரதி (இரவு 10.15)
இதே கேள்வி இங்கே நூறு முறை வந்திருக்கிறது. தேடிப் பார்க்கும் பொறுமை இப்போது யாருக்கும் இல்லை. 1988-லிருந்து ஸ்டியரிங் பிடிக்கிறேன், கேட்காமலே சொல்கிறேன்: ஷாக் மாட்டிய பையன் மேல் நட்டைச் சரியாக முறுக்கவில்லை. பத்து நிமிட வேலை. இதற்கு ஓர் இழை தேவையா?

முத்துக்குளி (வியாழன், காலை 6.20)
மன்னிக்கவும். ஊர் தூத்துக்குடி. 2011 மாடல் டீசல், 1,84,000 கி.மீ. சேஸி (அடிச்சட்டம்) தனி, பாடி தனி. பின்னால் காயில் ஸ்பிரிங். ஸ்டெப்னி பின் கதவில் இருக்கிறது. நட்டை நேற்றே பார்த்தாயிற்று, இறுக்கமாக இருக்கிறது.

ஸ்டெப்னி_சிவம் (காலை 6.31)
அப்படியானால் பின் கதவின் கீல்.

பட்டறைத்தம்பி (காலை 7.05)
அண்ணாச்சி, நான் நாகர்கோவில் பக்கம் சேஸி வெல்டிங் வேலை பார்க்கிறவன். தூத்துக்குடி, பதினான்கு வயது வண்டி என்றதும் எனக்கு ஸ்பிரிங்கைவிடத் துரு மேல்தான் சந்தேகம். காசு செலவில்லாமல் மூன்று காரியம் செய்யுங்கள்.

ஸ்டியரிங்கை நேராக வைத்து, முன் சக்கரத்தின் நடுவிலிருந்து பின் சக்கரத்தின் நடு வரை டேப் பிடித்து இரண்டு பக்கமும் அளந்து பாருங்கள். வித்தியாசம் இருந்தால் பின் அச்சு நகர்ந்திருக்கிறது. அடுத்து, நின்ற இடத்தில் மெதுவாக முன்னால் எடுத்துப் பிரேக், பின்னால் எடுத்துப் பிரேக். ஒவ்வொரு முறையும் ஒரு ‘டொக்’ வந்தால், அச்சை முன்பின் நகராமல் பிடித்திருக்கும் நீளக் கம்பியின் முனை எங்கோ விட்டிருக்கிறது. அந்தக் கம்பி சேஸியில் மாட்டியிருக்கும் பிராக்கெட்டைச் சுத்தியலால் தட்டுங்கள். நல்ல இரும்பு ‘கிணுங்’ என்று ஒலிக்கும், துருப்பிடித்தது தகரடப்பா மாதிரி செத்த ஒலி கொடுக்கும். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் படுக்க வேண்டாம், ஸ்டாண்டு வையுங்கள். துரு பிடித்த இடத்தில் ஜாக்கி வைத்தால் அது சேஸிக்குள்ளேயே இறங்கிவிடும்.

மூத்தசாரதி (காலை 8.40)
துருவாம்! நாங்கள் மழைக்காலத்துக்கு முன்னால் பழைய எஞ்சின் ஆயிலை அடியில் அடித்துவிட்டுப் போய்க்கொண்டே இருப்போம். ஒரு புள்ளித் துரு பார்த்ததில்லை. இப்போது ஆளுக்கொரு ‘கோட்டிங்’.

கியர்பெட்டி (காலை 8.55)
அந்த ஆயில் இணைப்புகளில் இருக்கும் ரப்பர் புஷ் எல்லாவற்றையும் ஊறவைத்துப் பஞ்சாக்குமே, அதைப் பார்த்தீர்களா? ஓடித் தீர்ந்த ஆயிலில் அமிலமும் சேர்ந்திருக்கும். துருவுக்குப் பயந்து சஸ்பென்ஷனைக் கெடுத்த கதை.

ரொறன்ரோ_வாசன் (காலை 9.30)
இங்கே கனடாவில் பனிக்காலம் முழுவதும் தெருக்களில் உப்புக் கொட்டுவார்கள். ஒவ்வோர் இலையுதிர் காலத்திலும் வாகனத்தின் அடியில் எண்ணெய் தெளிப்பது பலருக்கு வழக்கம். நானும் செய்கிறேன், பலன் இருக்கிறது. துரு சின்ன விடயம் இல்லை. டகோமா, டன்ட்ரா, செக்வோயா வாகனங்களின் சேஸி துருப்பிடித்த வழக்கில் டொயோட்டா 2016-இல் அமெரிக்காவில் 340 கோடி டொலர் வரை மதிப்புள்ள சமரசத்துக்கு இணங்கியது. ஓட்டை விழுந்த வாகனங்களுக்குச் சேஸியையே மாற்றிக் கொடுக்க வேண்டி வந்தது.

மூத்தசாரதி (காலை 9.41)
கனடாக்காரரே எண்ணெய் என்கிறார். வழக்கு முடிந்தது.

ரொறன்ரோ_வாசன் (காலை 9.50)
ஐயா, நான் சொன்னது அதற்கென்றே செய்த எண்ணெய். கழிவு எண்ணெய் அல்ல.

கியர்பெட்டி (காலை 9.58)
அது சொட்டும் இடமெல்லாம் மண் கெட்டுப்போகும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மூத்தசாரதி (காலை 10.10)
சுற்றுச்சூழல் வகுப்பு எடுக்க ஆள் வந்தாயிற்று. என் வண்டி 22 வருடம் ஓடியது. உங்களுடையது?

(இந்த எண்ணெய்ச் சண்டை மேலும் பதினேழு பதிவுகளுக்கு நீண்டதால் தனி இழைக்கு மாற்றப்பட்டிருக்கிறது. – மட்டுறுத்துநர்)

முத்துக்குளி (மாலை 5.45)
ஐயா, என் பழநி? அளந்தேன். இடப்பக்கம் 2 சென்டிமீட்டர் குறைகிறது. முன்னால் எடுத்தால் ஒரு டொக், பின்னால் எடுத்தால் ஒரு டொக். வலது பிராக்கெட் ஒலித்தது. இடது பிராக்கெட்டில் தட்டத் தட்டச் செதில் செதிலாகக் கொட்டியது. திருப்புளியை வைத்து லேசாக அழுத்தினேன், உள்ளே போய்விட்டது. ஆனால் நான் வாராவாரம் அடிப்பக்கம் வரை நன்றாகக் கழுவுகிறவன். எப்படித் துரு வரும்?

பட்டறைத்தம்பி (மாலை 6.02)
எந்தத் தண்ணீரில்?

முத்துக்குளி (மாலை 6.10)
வீட்டு போர் தண்ணீர். சற்று உப்பாக இருக்கும். குடிக்க மட்டும் ஆகாது.

பட்டறைத்தம்பி (மாலை 6.34)
அண்ணாச்சி, வாராவாரம் வண்டியை உப்பில் குளிப்பாட்டியிருக்கிறீர்கள். சேஸி என்பது உள்ளே காலியான பெட்டி. உப்புத் தண்ணீர் உள்ளே போகும், வெளியேற விட்டிருக்கும் துளைகள் சேற்றில் அடைந்திருக்கும், தண்ணீர் அங்கேயே நிற்கும். உப்பு காற்றின் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்வதால் உள்பக்கம் முழுவதும் காய்வதே இல்லை. வெளியே பெயின்ட் பளபளக்கும், உள்ளே துரு இரும்பை அரித்துக்கொண்டிருக்கும். உப்பளச் சாலைகளில் லாரியிலிருந்து சொட்டுவதும் இதோடு சேரும்.

ஞாயிறு இந்த வண்டி வேண்டாம். ஏழு பேர் பாரத்தோடு அந்தப் பிராக்கெட் நெடுஞ்சாலையில் பிய்ந்தால் பின் அச்சு ஒரு பக்கம் திரும்பிவிடும், ஸ்டியரிங் உங்கள் சொல் கேட்காது. ஸ்பிரிங் மாற்றும் பணத்தை இதில் போடுங்கள்.

பட்டறையில் இவற்றைக் கேளுங்கள்: துருவுக்கு மேலேயே தகடு ஒட்டக் கூடாது. நல்ல இரும்பு தெரியும் வரை வெட்டி எடுக்க வேண்டும். புதுத் தகடு குறைந்தது சேஸியின் கனமாவது இருக்க வேண்டும், சி.ஓ.டூ (கரியமில வாயு) வெல்டிங். தகட்டின் முனைகள் சதுரமாக இல்லாமல் சாய்வாக முடிய வேண்டும். சேஸிக்குக் குறுக்கே நேர்கோட்டில் வெல்டிங் பற்று வைத்தால் பிற்பாடு அந்தக் கோட்டிலேயே விரிசல் விடும். வெல்டிங்குக்கு முன் பேட்டரி வயரைக் கழற்ற வேண்டும், டீசல் டேங்க் கிட்டே இருந்தால் அதையும் இறக்க வேண்டும். இடது பக்க பிரேக் பைப்பையும் பாருங்கள். பிராக்கெட்டைத் தின்ற துரு பைப்பை விட்டுவைக்காது.

நெல்லைச்சீமை (இரவு 7.15)
இவ்வளவு செலவு எதற்கு? அடுத்த வருடம் பதினைந்து முடிகிறது. 2022 ஏப்ரலிலிருந்து ஆர்.சி. புதுப்பிக்கவே காருக்கு 5,000 ரூபாய், முன்பு 600 இருந்தது. அதற்கு மேல் பசுமை வரி. எடைக்குப் போட்டுவிட்டு வேறு வண்டி பாருங்கள்.

கியர்பெட்டி (இரவு 7.28)
எஞ்சின் நன்றாக இருக்கும்போது எடைக்கா? ஏழு பேர் உட்காரும் வண்டி இன்று என்ன விலை என்று தெரியுமா?

பட்டறைத்தம்பி (இரவு 7.50)
சேஸி முழுவதையும் தட்டிப் பார்த்த பிறகுதான் அதைச் சொல்ல முடியும். துரு இரண்டு பிராக்கெட்டோடு நின்றால் செய்யலாம். சேஸியின் பக்கச் சட்டமே மெலிந்திருந்தால் நெல்லைச்சீமை சொல்வதுதான் சரி.

முத்துக்குளி (இரண்டு வாரம் கழித்து, ஞாயிறு, இரவு 8.05)
பழநிக்கு வேன் பேசிப் போய்வந்தோம். வண்டி ஒன்பது நாள் பட்டறையில் கிடந்தது. இடது பிராக்கெட் புதிது, வலதிலும் கொஞ்சம் வேலை. பிரேக் பைப் ஒன்று மாற்றினார்கள். சத்தம் இல்லை. நன்றி.

பட்டறைத்தம்பி (இரவு 8.20)
மகிழ்ச்சி அண்ணாச்சி. பக்கச் சட்டம் எப்படி இருந்தது? சேஸிக்கு உள்ளே துருத்தடுப்பு மெழுகு அடித்தார்களா? படம் இருந்தால் போடுங்கள். போர் தண்ணீரை நிறுத்தினீர்களா?

ஸ்டெப்னி_சிவம் (இரவு 8.44)
கதவுக் கீலைப் பார்த்தீர்களா?

மூத்தசாரதி (இரவு 9.10)
ஒன்பது நாள் வேலையில் ஷாக்கைக் கழற்றி மாட்டியிருப்பார்கள் அல்லவா? அப்போது நட்டைச் சரியாக முறுக்கியிருப்பார்கள். சத்தம் நின்றது அதனால்தான்.