கொடுவாவுக்கு ஸ்பின்னிங் ராட், ரீல்: டார்வினில் எதை எடுக்கலாம்?

முத்துநகர்காரன்:
வணக்கம். ஆஸ்திரேலியாவில் டார்வினுக்கு வந்து எட்டு மாதம் ஆகிறது. இங்கே எல்லோரும் ‘பாரா, பாரா’ (பாரமுண்டி) என்று உயிரை விடுவது நம் ஊர் கொடுவாவுக்குத்தான் என்று மீன் கடையில் நேரில் பார்த்த பிறகுதான் புரிந்தது. சின்ன வயதில் புன்னைக்காயல் பக்கம் கைத்தூண்டில் போட்டிருக்கிறேன், தூண்டில் நரம்பை விரலில் பிடித்தே பழக்கம், ராட் (தூண்டில் கோல்), ரீல் (நூல் சுற்றும் உருளை) தொட்டதில்லை. ஏப்ரலில் கூட வேலை செய்பவர் தன் படகில் மேரி ஆற்றுக்கு, ஷேடி கேம்ப் பக்கம் கூட்டிப் போகிறேன் என்கிறார். ஒரு கடையில் 9 அடி ராட் ஒன்றைக் காட்டி, இதுதான் தூரம் போகும் என்றார்கள். இன்னொரு கடையில் ஸ்பின்னிங்கே (ராடுக்குக் கீழே தொங்கும் ரீல்) வேண்டாம், பெய்ட்காஸ்டர் (ராடுக்கு மேலே உட்கார்ந்து, வீசும்போது உருளையே சுழலும் ரீல்) எடு என்கிறார்கள். கையில் 300 டாலர் இருக்கிறது. எதை எடுப்பது?

மாங்குரோவ்:
தம்பி, 9 அடி கடற்கரைக்கு. சின்னப் படகில் பக்கத்தில் ஒருவர் நின்றுகொண்டிருக்கும்போது அதை வீசவே முடியாது. கொடுவாவுக்குத் தூரம் பெரிய விஷயமில்லை. விழுந்து கிடக்கும் மரம், வேர், ஓடை வந்து ஆற்றில் சேரும் வாய், இங்கெல்லாம்தான் அது பதுங்கி நிற்கும், லூரை (பொய் இரையை) அதன் மூக்கு முன்னால் போட வேண்டும், கடித்த அடுத்த நொடியே வேருக்குள் ஓடாமல் இழுத்து நிறுத்த வேண்டும். அதற்கு ஆறரை அல்லது 7 அடி, 6–10 கிலோ (அதற்கு ஏற்ற நூலின் பலம்) என்று எழுதியிருக்கும் ராட் போதும். ரீல் 4000 அளவு (எண் கூடினால் ரீல் பெரிது). பெய்ட்காஸ்டர் குறி தப்பாது, உண்மைதான், ஆனால் பழகாத கையில் எதிர்காற்றில் நூல் பந்தாகச் சுருண்டு அரை நாள் அதைப் பிரிப்பதிலேயே போய்விடும். முதல் வருடம் ஸ்பின்னிங்கே நல்லது.

ரீலில் 30 பவுண்டு இழுவை தாங்கும் பிரெய்டு (பின்னல் நூல்) சுற்றுங்கள். அதன் முனையில் 50 அல்லது 60 பவுண்டு லீடர் (உராய்வைத் தாங்கும் தடித்த முனை நூல்) ஒரு மீட்டருக்குக் குறையாமல். இதில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். போன வருடம் நான் 30 பவுண்டு லீடரோடு போனேன், படகுக்குப் பக்கத்தில் வரை வந்த மீன் தலையை ஒரு உதறு உதறியது, நூல் லேசாகிவிட்டது. முனையை எடுத்துப் பார்த்தால் அரத்தால் ராவியது போலச் சொரசொரவென்று இருந்தது. கொடுவாவின் வாய் அப்படி, செவுள் மூடியின் ஓரமோ கத்தி.

ஆற்றுவால்:
மேலே சொன்னதில் ஒன்றில் மட்டும் எனக்கு வேறு கருத்து. 10 கிலோ ராட் விறைப்பாக இருக்கும், லேசான ரப்பர் மீன் லூரை அதில் வீசினால் பாதியிலேயே விழும். கடையில் கையில் எடுத்து ஆட்டிப் பாருங்கள், முனை கொஞ்சம் வளைய வேண்டும், அடிப்பக்கம் அசையக் கூடாது. ரீல் அளவு எண்ணையும் அப்படியே நம்ப வேண்டாம், ஒரு கம்பெனியின் 3000 இன்னொன்றின் 4000 அளவுக்கு இருக்கும். நாள் முழுக்க நூற்றுக்கணக்கான தடவை வீசப்போகிறீர்கள், எடை குறைவாக இருப்பது மணிக்கட்டுக்கு நல்லது. விலையில் மிச்சம் பிடிப்பதானால் ராடில் பிடியுங்கள், ரீலில் வேண்டாம், டிராக் (மீன் இழுக்கும்போது நூலை விட்டுக்கொடுக்கும் பிரேக்) திக்கித் திக்கி விட்டால் மீன் தாவும்போது நூல் அறுந்துவிடும். பெட்டி எடை பார்க்கும் சின்னத் தராசை நூலில் கட்டி இழுத்து, 3 கிலோவில் டிராக் வழுக்கும்படி வையுங்கள். மீன் தண்ணீரை விட்டுத் தாவினால் ராட் முனையைத் தாழ்த்துங்கள், நூல் மட்டும் தொய்யக் கூடாது. அப்புறம், லூரோடு வரும் மும்முள் கொக்கிகள் மெலிதாக இருந்தால் கழற்றிவிட்டுக் கனமானதைப் போடுங்கள், பெரிய மீன் அவற்றை நிமிர்த்திவிடும்.

கிழக்குக்கரை:
ஷேடி கேம்ப் என்றதும் இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. தடுப்பணைப் பக்கம் முதலைகள் ஏராளம். கரையில் நின்றால் தண்ணீரிலிருந்து 5 மீட்டராவது தள்ளி நில்லுங்கள், படகில் இருந்தால் மீனைத் தூக்கக் கையைத் தண்ணீரில் விடாதீர்கள், வலை வைத்துக்கொள்ளுங்கள். இங்கே 55 சென்டிமீட்டருக்குக் குறைந்ததை வைத்துக்கொள்ளக் கூடாது. கொடுவா பெரும்பாலும் ஆணாகப் பிறந்து, வளர்ந்த பிறகு பெண்ணாக மாறும், அதனால் மீட்டர் அளவு மீன் என்றால் அநேகமாக முட்டையிடும் தாய்தான். படம் எடுத்துவிட்டு விட்டுவிடுங்கள். சாப்பிட 60, 65தான் ருசி.

முத்துநகர்காரன்:
எல்லோருக்கும் நன்றி. 7 அடி, 6–10 கிலோவில் நாலைந்து ராடுகளைக் கையில் எடுத்து வளைத்துப் பார்த்தேன், முனை இளகியது ஒன்று கிடைத்தது. ரீல் 4000. பிரெய்டையும் லீடரையும் எப்படிச் சேர்ப்பது? நம் ஊர் முடிச்சு போட்டேன், வழுக்குகிறது.

மாங்குரோவ்:
வழுக்கத்தான் செய்யும், பிரெய்டு அவ்வளவு வழவழப்பு. எஃப்ஜி முடிச்சு பழகுங்கள் தம்பி, லீடரைச் சுற்றிப் பிரெய்டை இப்படியும் அப்படியும் இருபது சுற்று பின்ன வேண்டும், மெலிசாக இருப்பதால் ராட் வளையங்களில் தட்டாமல் போகும். படகில் கை ஆடும், வீட்டிலேயே போட்டுவிடுங்கள். நூலைத் துணியில் சுற்றிப் பிடித்து இரண்டு கையாலும் பலமாக இழுத்துப் பாருங்கள், நகர்ந்தால் வெட்டிவிட்டு மறுபடி போடுங்கள்.